பீட்டில்ஸ் கச்சேரியில் கத்திய பெண்பிள்ளைகளுக்குப் பாட்டுக் கேட்கத் தெரியாதா?

கேள்வி இது: "பீட்டில்ஸின் பழைய கச்சேரி வீடியோக்களைப் பார்த்தேன். பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்கள் கதறுகிறார்கள், அழுகிறார்கள், மயங்கி விழுகிறார்கள். மேடையில் பாடுவது ஒரு வரிகூடக் காதில் விழவில்லை. இவர்கள் இசைக்காகத்தான் போனார்களா? ஒரு ராக் இசைக்குழுமேல் அந்த வயதில் ஏன் இப்படிப் பைத்தியம் பிடிக்கிறது?"

இசைக்காகத்தான் போனார்கள். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இன்னும் சொல்லப்போனால், பீட்டில்ஸ் எப்பேர்ப்பட்ட குழு என்று முதலில் கண்டுகொண்டதே அந்த வயதுப் பெண்பிள்ளைகள்தான். இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்களும் பத்திரிகை விமர்சகர்களும் அவர்களுக்குப் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தவர்கள். நீங்கள் பார்த்த வீடியோக்கள் பெரும்பாலும் 1964, 65-இல் எடுத்தவையாக இருக்கும். அந்த இரண்டு வருடங்களை மட்டும் பார்த்தால் கூச்சல் ஒன்றுதான் தெரியும். கொஞ்சம் பின்னால் போய் 1961-இல், இவர்களுடைய சொந்த ஊரான இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து தொடங்க வேண்டும்.

லிவர்பூல் நகரத்தின் நடுவே மேத்யூ ஸ்ட்ரீட் என்று ஒரு குறுகிய தெரு. பழக் கிடங்குகள் இருந்த இடம். அதில் ஒரு கிடங்கின் நிலவறைதான் கேவர்ன் கிளப். செங்கல் வளைவுகளுக்குக் கீழே நீளநீளமாக மூன்று பகுதிகள். ஜன்னல் கிடையாது, காற்றோட்டம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கூட்டம் சேர்ந்துவிட்டால் சுவரில் ஈரம் வழியும். அழுகிய பழம், கழிப்பறைக்கு ஊற்றும் கிருமிநாசினி, சிகரெட் புகை, வேர்வை எல்லாம் கலந்த வாடை உடுப்பில் ஏறிக்கொண்டு வீடுவரை கூடவே வரும். மது விற்க உரிமம் இல்லை, காபியும் சூப்பும்தான். பீட்டில்ஸ் என்ற பெயரில் அவர்கள் அங்கே முதலில் வாசித்தது 1961 பிப்ரவரி 9-ஆம் தேதி மதியம். கடைசியாக வாசித்தது 1963 ஆகஸ்ட் 3. இடைப்பட்ட காலத்தில் 292 முறை என்று அந்த கிளப்பின் அறிவிப்பாளர் பாப் ஊலர் சொன்ன கணக்குதான் இன்றுவரை எல்லோரும் சொல்வது.

அந்த மதியக் கச்சேரிகளுக்கு வந்தவர்கள் யார் என்று பாருங்கள். பக்கத்து அலுவலகங்களில் டைப் அடித்த பெண்கள், கடைகளில் விற்பனைக்கு நின்றவர்கள், முடியலங்காரக் கடைகளில் தொழில் பழகியவர்கள். அப்போது இங்கிலாந்தில் 15 வயதில் பள்ளியை விட்டுவிடலாம். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அந்த வயதிலேயே வேலைக்குப் போனார்கள். சாப்பாட்டு நேரத்தில் படியிறங்கி ஓடிவந்து, முன்வரிசை நாற்காலியைப் பிடித்து, வேண்டிய பாட்டின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி மேடைக்குக் கொடுப்பார்கள். மேடையில் இருப்பவர்கள் பாட்டுக்கு நடுவே எதையாவது கொறித்துக்கொண்டு, இவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவார்கள். மாலைக் கச்சேரியில் மற்றக் குழுக்கள் வாசிக்கும்வரை தலையில் ரோலரோடு உட்கார்ந்திருந்துவிட்டு, பீட்டில்ஸ் முறை நெருங்கும்போது எழுந்துபோய் அவிழ்த்துச் சீவிக்கொண்டு வருவார்களாம். இங்கே பிற்காலத்துக் கதறல் இல்லை. உட்கார்ந்து கேட்டார்கள். ஒரே குழுவை வாரத்தில் பல நாள், மாதக்கணக்கில், கைக்கெட்டும் தூரத்தில் கேட்டவர்களுக்கு ஒரு கிதார் கம்பி சுருதி இறங்கினாலும் தெரியும்.

1961 நவம்பர் 9-ஆம் தேதி மதியம் பிரையன் எப்ஸ்டீன் அதே படிகளில் இறங்கி வந்தார். அவருடைய குடும்பத்தின் இசைத்தட்டுக் கடை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. கடைக்கு வந்த இளசுகள் இந்தக் குழு வேறொரு பாடகருக்குப் பின்னணியாக வாசித்த தட்டைக் கேட்டு நச்சரித்ததால் என்னதான் என்று பார்க்க வந்தவர், பிறகு அவர்களுடைய மேனேஜரே ஆனார். அடுத்த புத்தாண்டு அன்று, 1962 ஜனவரி 1, லண்டனில் டெக்கா கம்பெனி அவர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டது. கேட்டுவிட்டு வேண்டாம் என்றது. நாட்டின் மிகப் பெரிய இசைத்தட்டு நிறுவனங்களில் ஒன்றில், அதற்கென்றே சம்பளம் வாங்கிய ஆட்களுக்குப் பிடிபடாதது லிவர்பூல் டைப்பிஸ்ட் பெண்களுக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. லண்டன் டைம்ஸ் பத்திரிகையின் இசை விமர்சகர் வில்லியம் மான் இவர்களுடைய ஹார்மனியையும் முடிப்புகளையும் சாஸ்திரீய இசையின் சொற்களால் வியந்து எழுதியது 1963 டிசம்பர் கடைசியில். கேவர்ன் பெண்கள் கேட்கத் தொடங்கி அதற்குள் ஏறக்குறைய மூன்று வருடம் ஆகிவிட்டது.

இந்தப் பெண்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரசிகை என்றால் என்ன என்று அவரை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது. ஃபிரீடா கெல்லி. டப்ளினில் பிறந்து, சிறு வயதில் லிவர்பூலுக்கு வந்தவர். ஒரு உணவுப்பொருள் கம்பெனியின் டைப்பிங் பிரிவில் வேலை பார்த்தபோது, உடன் வேலை செய்தவர்கள் ஒரு மதியம் கேவர்னுக்குக் கூட்டிப்போனார்கள். அன்றிலிருந்து விடாமல் போனார். 17 வயதில் எப்ஸ்டீன் அவரைத் தன் அலுவலகத்தில் வேலைக்கு எடுத்துக்கொண்டார். ரசிகர் மன்றத்தையும் அவரே கவனித்தார். கடிதம் போட ஒரு முகவரி வேண்டுமே என்று தன் வீட்டு முகவரியையே கொடுத்துவிட்டார். குழு பிரபலமானதும் தபால்காரர் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்க, வீட்டுக்கு வரும் பில் கடிதங்களைத் தேடி எடுக்க முடியவில்லை என்று அப்பா சத்தம் போட்டார். அப்புறம் முகவரி அலுவலகத்துக்கு மாறியது.

அவர் அந்த வேலையைச் செய்த விதத்தைக் கவனியுங்கள். ஒரு பெண் தலையணை உறையை அனுப்பி, குழுவின் டிரம்மர் ரிங்கோ இதில் ஒருநாள் தலைவைத்துப் படுக்க வேண்டும், பிறகு திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாள். ஃபிரீடா அதை ரிங்கோவின் வீட்டுக்கு எடுத்துப்போய், அவர் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, ரிங்கோ படுத்து எழுந்த பிறகு வாங்கி அனுப்பிவைத்தார். முடி கேட்பவர்களுக்கு உண்மையிலேயே அவர்கள் முடியைத்தான் அனுப்பினார். உதவிக்கு வைத்திருந்த பெண்கள் வேறு யாருடைய முடியையோ வெட்டி உறையில் போட்டது தெரிந்ததும் அவர்களை வேலையைவிட்டு நிறுத்தினார். இதே காலத்தில் குழுவின் உதவியாளர்கள் நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும், ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்ற நால்வரின் கையெழுத்தையும் தாங்களே போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஃபிரீடாவுக்கு அது ஒப்பவில்லை. தானும் ஒரு ரசிகை என்பதால், எதிர்ப்பக்கத்தில் காத்திருக்கும் பெண்ணுக்கு எது முக்கியம் என்று அவருக்குத் தெரியும். ஏறக்குறைய பத்து வருடம் அவர் இதைச் செய்தார். 1972-இல் மன்றம் மூடும்வரை.

சரி, கூச்சலுக்கு வருகிறேன்.

1962 அக்டோபர் 5-இல் அவர்கள் சொந்தமாகப் பாடிய முதல் தட்டு 'லவ் மீ டூ' வந்தது. விற்பனைத் தரவரிசையில் 17-ஆம் இடம்வரைதான் போனது. 1963 தொடக்கத்தில் வந்த 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' முதலிடத்துக்கு ஏறியது. அந்தச் செய்தியை பாப் ஊலர் கேவர்னில் படித்தபோது யாரும் கைதட்டவில்லை, முகங்கள் வாடிப்போயின என்று அங்கே இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இனிமேல் இவர்கள் நமக்கு மட்டும் இல்லை என்று அந்தப் பெண்களுக்கு உடனே புரிந்துவிட்டது. அக்டோபர் 13-ஆம் தேதி லண்டன் பலேடியம் அரங்கிலிருந்து தொலைக்காட்சியில் வந்தபோது பார்த்தவர்கள் ஒன்றரைக் கோடிப் பேர். நவம்பர் தொடக்கத்தில் டெய்லி மிரர் நாளிதழ் 'பீட்டில்மேனியா' என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டது. பெயர் வைத்தாகிவிட்டது. ஒவ்வொரு ஊரிலும் அடுத்த கச்சேரிக்கு வருபவர்களுக்கு, அங்கே போனால் என்ன செய்வார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது.

பாடகரைப் பார்த்துப் பெண்கள் உணர்ச்சிவசப்படுவது இவர்களோடு வந்த புதிய விஷயம் இல்லை. பியானோ மேதை லிஸ்ட் பின்னால் ஐரோப்பியச் சீமாட்டிகள் ஓடியதைப் பார்த்து 1844-லேயே கவிஞர் ஹைனே அதற்கு 'லிஸ்டோமேனியா' என்று பெயர் வைத்துவிட்டார். 1944 அக்டோபரில் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவைப் பார்க்க நியூயார்க்கின் பாரமவுண்ட் அரங்கை ஆயிரக்கணக்கான பெண்கள் முற்றுகையிட்டார்கள். பிறகு ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி. ஆனால் பீட்டில்ஸ் பெண்களோடு பேசிய விதத்தில் ஒரு வித்தியாசம் இருந்தது. அதுதான் இந்த விஷயத்தின் மையம் என்று நினைக்கிறேன்.

முதல் ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். 1963 பிப்ரவரி 11-இல், பெரும்பகுதியை ஒரே நாளில், லண்டனில் பதிவுசெய்தார்கள். மற்றவர்களுடைய பாட்டுகள் ஆறு அதில் இருக்கின்றன. அவற்றில் இரண்டு ஷிரெல்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் குழுவினுடையவை, ஒன்று குக்கீஸ் என்ற இன்னொரு பெண்கள் குழுவினுடையது. ஷிரெல்ஸின் 'பாய்ஸ்' என்ற பாட்டு ஒரு பெண் தன் தோழிகளிடம் பையன்களைப் பற்றிப் பேசும் பாட்டு. ரிங்கோ அதைக் கூச்சமே இல்லாமல் அப்படியே பாடினார். அடுத்த ஆல்பத்தில் மார்வலெட்ஸின் 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்'. கடிதத்துக்காக ஏங்கி தபால்காரரை நிறுத்தி வைக்கும் ஒரு பெண்ணின் பாட்டு. பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்து, அதே ஏக்கத்தையும் அதே பின்குரல் அமைப்பையும் தங்கள் பாட்டுகளில் எடுத்துக்கொண்ட பையன்கள் இவர்கள். எல்விஸ் மாதிரி இடுப்பை ஆட்டி மிரட்டவில்லை.

அவர்களே எழுதியவற்றையும் கவனியுங்கள். ஆரம்பகாலத் தலைப்புகளில் 'நான்', 'நீ', 'என்', 'உன்' வந்துகொண்டே இருக்கும். கேட்கிற பெண்ணிடம் நேராகப் பேச வேண்டும் என்று தெரிந்தே அப்படி எழுதியதாக மெக்கார்ட்னி பல முறை சொல்லியிருக்கிறார். 1963 ஆகஸ்டில் வந்த 'ஷீ லவ்ஸ் யூ' அதையும் தாண்டியது. காதலன் தன் காதலைச் சொல்லும் பாட்டு இல்லை அது. ஒரு நண்பன் இன்னொருவனைப் பிடித்து, அவள் உன்னை விரும்புகிறாள், நீ அவள் மனதைப் புண்படுத்திவிட்டாய், போய் மன்னிப்புக் கேள் என்கிறான். ஒரு பெண்ணின் மனநிலையை எடுத்துச் சொல்லி, அவள் பக்கம் நின்று ஓர் ஆணுக்குப் புத்தி சொல்லும் பாட்டு அந்த வருடத்தில் இங்கிலாந்தில் மிக அதிகமாக விற்றது. 15 வயதுப் பெண் அதைத் தன் அறையில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதில் என்ன ஆச்சரியம்?

அந்தப் 'போட்டுக் கேட்பது' முக்கியம். ஒரு சிங்கிள் தட்டின் விலை அப்போது ஆறு ஷில்லிங் எட்டு பென்ஸ். கைச்செலவுக் காசைச் சேர்த்துவைத்து வாங்கிய தட்டு. ஊசி தேயத் தேயக் கேட்டார்கள். ஜான் எங்கே மூச்சு இழுக்கிறார், பால் எங்கே மேலே ஏறுகிறார், ரிங்கோவின் சிம்பல் எங்கே விழுகிறது எல்லாம் மனப்பாடம். பிறகு தோழிகள் சேர்ந்தால் 'உனக்கு யார்?' என்ற கேள்வி. நால்வரும் நான்கு சுபாவம். பாலைப் பிடித்தவளுக்கும் ஜானைப் பிடித்தவளுக்கும் மணிக்கணக்கில் பேச விஷயம் இருக்கும். தான் எப்படிப்பட்டவள், தனக்கு எப்படிப்பட்ட மனிதர்கள் பிடிக்கும் என்பதைப் பெற்றோர் காதில் விழாமல் பேசிப் பார்க்க அதுதான் வழி. 1963 ஆகஸ்டிலிருந்து மாதம் தவறாமல் வந்த பீட்டில்ஸ் இதழில் பேனா நண்பர்கள் பகுதி உண்டு. முகம் பார்க்காத ஊர்களிலிருந்தும் தோழிகள் கிடைத்தார்கள். ரசிகர் மன்றத்துக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நால்வரும் வாழ்த்தும் கேலியும் பேசி அனுப்பிய தனித்தட்டு 1963 முதல் 1969 வரை வந்தது. கடையில் கிடைக்காது.

ஆக, கச்சேரிக்கு வரும்போது பாட்டைத் தெரிந்துகொள்ள அவள் வரவில்லை. பாட்டு அவளுக்கு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. விடியவிடிய வரிசையில் நின்று டிக்கெட் எடுத்திருக்கிறாள். மேடையில் அவர்கள் நிற்கப்போவது அரை மணி நேரம். தேர் வடம் பிடித்தவர்கள் எழுப்பும் சத்தத்தைக் கேட்டு, இவர்களுக்கு நாதஸ்வரம் காதில் விழுந்ததா என்று யாரும் கேட்பதில்லை அல்லவா? ஆயிரக்கணக்கான பெண்கள், அப்பாவோ ஆசிரியரோ பாதிரியாரோ 'சத்தம் போடாதே' என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில், ஒன்றாக நின்று, முழுக் குரலையும் திறந்தார்கள். அந்தக் காலத்துப் பெண்பிள்ளை வளர்ப்பில் அதற்கு வேறு இடமே இல்லை. அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எரன்ரைக்கும் அவருடன் எழுதிய இரு பெண்களும் இதைப் பெண்கள் இயக்கத்துக்கு முன்னோடியான ஒரு கிளர்ச்சியாகவே பார்த்தார்கள். அரசியல் என்ற அளவுக்குப் போக வேண்டுமா என்பதில் கருத்து வேறுபடலாம். ஆனால் அந்தப் பெண்கள் கட்டுப்பாட்டை இழந்தார்கள் என்பதைவிட, கட்டுப்பாட்டைத் தாங்களாகவே கழற்றி வைத்தார்கள் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அமெரிக்காவிலும் கதவைத் திறந்தது ஒரு பெண்பிள்ளைதான். 1963 டிசம்பரில் தொலைக்காட்சிச் செய்தியில் பீட்டில்ஸைப் பார்த்த, மேரிலாந்து மாநிலம் சில்வர் ஸ்பிரிங் ஊரைச் சேர்ந்த 15 வயது மாணவி, நம் ஊரில் ஏன் இந்த மாதிரி இசை இல்லை என்று வாஷிங்டன் வானொலி நிலையத்துக்கு எழுதினாள். நிகழ்ச்சி நடத்தியவர் இங்கிலாந்திலிருந்து தட்டை வரவழைத்து, டிசம்பர் 17-ஆம் தேதி அந்தப் பெண்ணையே நிலையத்துக்குக் கூப்பிட்டு 'ஐ வாண்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' பாட்டை அறிவிக்க வைத்தார். தொலைபேசி ஓயவில்லை. ஜனவரி நடுவில் வெளியிட இருந்த தட்டை அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான கேப்பிடல் கம்பெனி டிசம்பர் 26-க்கே கொண்டுவர வேண்டியதாயிற்று. பிள்ளைகள் விடுமுறையில் வீட்டில் வானொலியோடு இருந்த நேரம். 1964 பிப்ரவரி 9 இரவு எட் சல்லிவன் என்பவர் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர்கள் தோன்றியபோது பார்த்தவர்கள் 7 கோடியே 30 லட்சம் பேர். அரங்கில் 728 இருக்கைகள். டிக்கெட் கேட்டு வந்த விண்ணப்பங்கள் ஐம்பதாயிரம்.

பெரியவர்கள் என்ன சொன்னார்கள்? அதே மாதம் லண்டனின் நியூ ஸ்டேட்ஸ்மன் இதழில் பால் ஜான்சன், இந்த ரசிகைகள் தங்கள் தலைமுறையின் மந்தங்கள், சோம்பேறிகள், தோற்றுப்போனவர்கள் என்ற பொருளில் எழுதினார். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வரும். உண்மையில் அந்த நாட்களில் நிதானம் இழந்தவர்கள் பெரியவர்கள்தான் என்பேன். 1964 செப்டம்பரில் கான்சாஸ் சிட்டியில் பீட்டில்ஸ் தங்கிய ஓட்டலின் படுக்கை விரிப்புகளை விலைக்கு வாங்கி, சிறுசிறு சதுரமாக வெட்டி விற்றது சிகாகோவைச் சேர்ந்த வளர்ந்த மனிதர்கள். வாங்கப்போகிறவர்கள் சிறுமிகள் என்று கணக்குப் போட்டார்கள். விக், பொம்மை, சாப்பாட்டு டப்பா என்று குழுவின் பெயரில் விற்ற பொருட்களின் உரிமையில் 90 சதவீதத்தை வெளியாட்களுக்கு எழுதிக் கொடுத்ததும் வியாபாரம் தெரிந்த பெரியவர்களே. ஜானுக்கு 1962-லேயே திருமணம் ஆகியிருந்ததை ரசிகைகள் தாங்கமாட்டார்கள் என்று மறைத்துவைத்ததும் அவர்கள்தான். எட் சல்லிவன் நிகழ்ச்சியில் ஜானின் முகத்துக்குக் கீழே, மன்னியுங்கள் பெண்களே, இவருக்குத் திருமணமாகிவிட்டது என்று எழுத்தில் போட்டார்கள். யாரும் விட்டுப் போகவில்லை.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு கடினமான பக்கமும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஜார்ஜ் தனக்கு ஜெல்லி மிட்டாய் பிடிக்கும் என்று ஒருமுறை சொன்னதை வைத்து மேடைமேல் மிட்டாய் மழை பொழிந்தார்கள். இங்கிலாந்தில் அது மெத்தென்று இருக்கும். அமெரிக்காவில் கிடைப்பது கெட்டி ஓட்டோடு கல்மாதிரி இருக்கும். வாஷிங்டனில் அது நால்வரையும் பதம் பார்த்தது. ரிங்கோ பிறகு மணந்துகொண்ட மொரீன், கேவர்னுக்கு வந்துகொண்டிருந்த முடியலங்காரப் பயிற்சிப் பெண். ரிங்கோவோடு பழகுகிறாள் என்று தெரிந்ததும் வேறொரு ரசிகை அவள் முகத்தைக் கீறிவிட்டாள். 1962 ஆகஸ்டில், அதுவரை டிரம்ஸ் வாசித்த பீட் பெஸ்டை நீக்கி ரிங்கோவைச் சேர்த்தபோது கேவர்னில் நடந்த கலாட்டாவில் ஜார்ஜுக்குக் கண் வீங்கியது. உரிமை எடுத்துக்கொண்ட அன்பு அது. உரிமை கைமீறும்போது அடி விழும்.

கச்சேரியையே அந்தச் சத்தம் கடைசியில் விழுங்கிவிட்டது என்பதும் உண்மை. 1965 ஆகஸ்ட் 15-இல் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55,600 பேர். கிதார்களுக்கு இருந்தவை 100 வாட் ஆம்ப்ளிஃபையர்கள். குரல்கள் போனது ஸ்டேடியத்தின் சொந்த ஒலிபெருக்கியில், பந்தாட்ட அறிவிப்பு செய்வதற்காக வைத்தது. தாங்கள் பாடுவதைத் தாங்களே கேட்க மேடையில் மானிட்டர் கிடையாது. முன்னால் நிற்பவர்களின் முதுகும் தலையும் ஆடுவதைப் பார்த்துத்தான் பாட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டேன் என்று ரிங்கோ பிறகு சொன்னார். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு ஒலி அமைக்கும் தொழில்நுட்பம் அப்போது இல்லை. இன்றைய ஸ்டேடியம் கச்சேரியில் அதே அளவு கத்தினாலும் பாட்டு கேட்கும். ஆகவே பாட்டுக் கேட்காததற்கான பழியை முழுக்கப் பெண்பிள்ளைகள் தலையில் போடுவது நியாயம் இல்லை. ஏற்பாட்டாளர்கள் விற்ற டிக்கெட்டுக்கு ஏற்ற ஒலிபெருக்கி வைக்கவில்லை.

அந்த ஷே ஸ்டேடியத்தில் நடிகை வூப்பி கோல்ட்பர்க்கும் இருந்தார், சிறுமியாக, அம்மா கூட்டிவந்து. இந்த இசை எந்த நிறத்தவருக்கும் உரியது, தன்னையும் உள்ளே வா என்று அழைத்தது என்று அவர் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். அதற்கு முந்தைய வருடம்தான் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் தனித்தனியாக உட்கார வைத்தால் வாசிக்கமாட்டோம் என்று பீட்டில்ஸ் சொல்லி, சேர்ந்து உட்காரவைத்தார்கள். எட் சல்லிவன் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த இரு சகோதரிகள், ஆன் வில்சனும் நான்சி வில்சனும், பீட்டில்ஸைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படவில்லை, பீட்டில்ஸாகவே ஆக ஆசைப்பட்டார்கள். பிறகு ஹார்ட் என்ற ராக் குழுவை நடத்தினார்கள். லிவர்பூலிலேயே கேவர்னில் பார்த்துவிட்டு 1963-இல் நான்கு பெண்கள் லிவர்பேர்ட்ஸ் என்று குழு அமைத்தார்கள். பெண்கள் கிதார் வாசிக்கமாட்டார்கள் என்று ஜான் அவர்களிடம் சொன்னாராம். அடுத்த வருடமே அவர்கள் ஹாம்பர்க் நகரத்தின் ஸ்டார் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

1966 ஆகஸ்ட் 29, சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க். அதோடு சுற்றுப்பயணம் நின்றது. அந்தப் பயணத்தில், அப்போதுதான் வெளிவந்திருந்த 'ரிவால்வர்' ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டுகூட அவர்கள் மேடையில் பாடவில்லை. ஸ்டுடியோவில் செய்வதை மேடையில் செய்ய முடியாத நிலைக்கு இசை போயிருந்தது. 1967-க்குப் பிறகு பீட்டில்ஸைப் பற்றி எழுதுபவர்கள் மாறினார்கள். தீவிர ராக் பத்திரிகைகள் வந்தன, எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களுடைய கணக்கில் முந்தைய நான்கு வருடங்கள் 'சிறுமிகளின் காலம்', கலை பிறகுதான் தொடங்கியது. இந்தப் பிரிப்பு எனக்கு என்றைக்கும் ஒப்பாது. 'ரிவால்வர்' செய்த காதுகளும் கைகளும் கேவர்னில், முன்வரிசைப் பெண்கள் கேட்டுக் கேட்டு வாங்கிய பாட்டுகளில் பழகியவைதான்.

அந்தப் பெண்களும் எங்கும் போய்விடவில்லை. லண்டனில் ஸ்டுடியோ வாசலிலும், பிறகு பீட்டில்ஸே தொடங்கிய ஆப்பிள் கம்பெனியின் அலுவலக வாசலிலும் மழையிலும் குளிரிலும் நின்றார்கள். ஜார்ஜ் 1970-இல் அவர்களுக்காகவே ஒரு பாட்டு எழுதினார். 1968 பிப்ரவரி 4 ஞாயிற்றுக்கிழமை இரவு, 'அக்ராஸ் த யூனிவர்ஸ்' பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது உயர்ந்த ஸ்தாயியில் பின்குரல் தேவைப்பட்டது. பால் வெளியே வந்து, உங்களில் யாருக்காவது உச்ச சுரத்தைப் பிடித்து நிறுத்த முடியுமா என்று வாசலில் நின்றவர்களைக் கேட்டார். 15-ஆம் பிறந்தநாள் பரிசாக லண்டன் பயணம் கேட்டு பிரேசிலிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட 16 வயதுப் பெண்ணும், லண்டனைச் சேர்ந்த 17 வயதுப் பெண்ணும் உள்ளே போனார்கள். ஒரே மைக்கில் ஜானுடனும் பாலுடனும் பாடினார்கள். 1969 டிசம்பரில் வனவிலங்கு நிதிக்கான ஆல்பத்தில் அந்தப் பதிவு வந்தது. பிறகு 'லெட் இட் பி' ஆல்பத்தில் வந்த வடிவத்தில் அவர்கள் குரல் இல்லை. 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' தொகுப்பில் இருப்பதைக் கேட்டால் அவர்களைக் கேட்கலாம்.

இன்னொன்றையும் கேட்கச் சொல்வேன். 1964, 65-இல் அமெரிக்காவின் ஹாலிவுட் பவுல் என்ற திறந்தவெளி அரங்கில் செய்த பதிவுகள், 1977-இல் முதலில் வெளிவந்து 2016-இல் ஒலி சீராக்கி மறுபடி வந்தவை. ஹெட்ஃபோன் போட்டு 'ஷீ லவ்ஸ் யூ'வை ஓடவிடுங்கள். அவர்கள் 'ஊ' என்று மேலே ஏறித் தலையை உலுக்கும் இடம் ஒவ்வொரு முறையும் வரும்போது, கூட்டத்தின் சத்தம் என்ன ஆகிறது என்று மட்டும் கவனியுங்கள்.